பச்சைப் பாதையில் எங்கள் வீட்டுக் கொள்ளு

ஊருக்கு முன்னால் நின்று நியாயம் பேசுகிறவர்களுக்கு ஒரு ராசி உண்டு. யாரைப் பிடித்துக் கிழிகிழியென்று கிழிக்கிறோமோ, அந்த ஆள் நம் வீட்டிலேயே உட்கார்ந்து களி தின்றுகொண்டிருப்பார். எனக்கு இந்த உண்மை ஒரு தை மாதத்துக் காலையில், ஒரு என்ஜினியரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, ரோட்டில் குப்புற விழுந்த நிலையில் தெரிந்தது.

முதலில் என்னைப் பற்றி. பெயர் மகேஸ்வரி. அரூர் பக்கம் ஒரு கிராமம். டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் போவதும் வருவதும் சைக்கிளில். "ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கக் கூடாதா?" என்று கேட்டவர்களிடம், "பெட்ரோல் உங்கப்பன் போடுவாரா?" என்று திருப்பிக் கேட்டு அனுப்பியவள். (இந்த வாய்தான் பின்னால் என்னை மாட்டிவிட்டது. அந்தக் கதைக்கு வருகிறேன்.)

என் மகள் இலக்கியா அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக் கபடி அணியில் அவள்தான் ரைடு போகிறவள். எதிர் அணிப் பிள்ளைகள் அவள் கோட்டைத் தாண்டி வந்தாலே ஓரடி பின்னால் போவார்கள், அப்படி ஒரு வேகம். சாயந்திரம் பயிற்சி முடிவதற்குள் எங்கள் ஊர் பஸ் போய்விடும். அதனால் அவளும் சைக்கிள்தான். ஒருநாள் பின்னால் வந்த லாரி அவளுடைய ஹேண்டில்பாரை உரசிவிட்டுப் போக, பிள்ளை பள்ளத்தில் போய் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரர் சின்னசாமி அதிகம் பேசாத மனிதர். நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர். அன்றைக்கு அவர் சொன்னது ஒரே வார்த்தைதான். "பஸ்ஸுல போகட்டும். கபடி போதும்."

இலக்கியா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பஸ்ஸில் போனால் கபடி இல்லை. சைக்கிளில் போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். ரோட்டையே மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். (ரோடு என்ன எங்கள் வீட்டுக் கொல்லையா, நான் நினைத்தால் மாற்ற? அதெல்லாம் அப்போது தோன்றவில்லை.)

சைக்கிளில் போகிறவர்களைத் திரட்டினேன். பால்காரர் கோவிந்தண்ணன், மில்லுக்குப் போகும் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். சங்கம் என்று பெயர் வைத்தோம். தலைவி யார் என்று கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலைத் துறைக்கு மனு மேல் மனு. ஜெராக்ஸ் கடை இருப்பதில் இது ஒரு வசதி.

முதலில் ஒரு வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டிகள், இந்தப் பக்கம் சைக்கிள் என்று பெயர். போட்ட மறுநாளே இந்தப் பக்கம் ஒரு பஜ்ஜி வண்டி நின்றது. அதற்குப் பக்கத்தில் பஜ்ஜி தின்ன வந்தவர்களின் பைக்குகள். நாங்கள் மறுபடியும் லாரிக்கு முன்னால் ஓட்ட வேண்டியதாயிற்று. "கோடு லாரிக்காரனுக்குத் தெரியுதுங்க சார், பஜ்ஜிக்காரனுக்கும் தெரியுதுங்க, ஆனா யாரும் அதுக்குக் கட்டுப்பட மாட்டேங்கறாங்க. கம்பம் நட்டுக் குடுங்க" என்று மறுபடி அதே ஆபீசில் போய் நின்றேன்.

அதற்கப்புறம்தான் புதிய வடிவம் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் ஊர் முனை வரை, ரோட்டின் ஓரத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்து, வரிசையாக ஆரஞ்சு நிறக் கம்பங்கள். இடித்தால் வளைந்து மறுபடி நிமிரும் பிளாஸ்டிக் கம்பங்கள். முதல் நாள் அதில் சைக்கிள் ஓட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையாகத்தான் சொல்கிறேன். எங்கள் தாலுகாவில் சைக்கிளில் போகிறவளுக்கென்று யாரும் இதற்கு முன்னால் ஒரு சாண் இடம் ஒதுக்கியதில்லை.

ஆனால் அது சோதனை முயற்சி. ரோட்டோரக் கடைக்காரர்களுக்கு அந்தக் கம்பங்கள் பிடிக்கவில்லை. கடை வாசலில் வண்டி நிறுத்த முடியவில்லை என்று ஹார்டுவேர் கடை தனவேல் தலைமையில் அவர்களும் மனுக் கொடுத்தார்கள். (அந்த மனுவையும் என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார்கள். தொழில் வேறு, பகை வேறு.) கடைசியில் நெடுஞ்சாலைத் துறை என்ஜினியர் ஒரு முடிவு சொன்னார். அவரே ஒருநாள் காலை எங்களோடு சைக்கிளில் அந்தப் பாதை முழுக்க வந்து பார்ப்பார். மத்தியானம் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துக் கருத்துக் கேட்பார். கம்பம் இருக்குமா, பிடுங்கப்படுமா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

அந்த நாள் வரும்வரை வீட்டில் எனக்கு வேறு பேச்சே இல்லை. சோறு போடும்போதும் அதே பேச்சு, சாணி அள்ளும்போதும் அதே பேச்சு. "அந்தப் பாதைக்குள்ள ஒரு லாரி வராதுங்க. ஒரு காரு வராது. பைக்கு கூட வராது. வழவழன்னு சிமெண்டுத் தரை மாதிரி. அப்படியே படுத்துத் தூங்கலாம்." என் வீட்டுக்காரர் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே தலையாட்டுவார். இந்த மனுசன் காதிலேயே வாங்குவதில்லை என்று நான் நினைத்தேன்.

அன்று காலை வீடு ரெண்டுபட்டது. எனக்கு ஒரு நீலச் சேலை உண்டு. வெள்ளைக் கரை போட்டது. மனுக் கொடுக்கப் போனாலும் அதுதான், மீட்டிங் என்றாலும் அதுதான். ராசியான சேலை. அதைக் காணோம். பீரோவைக் கவிழ்த்துப் பார்த்தேன், கொடியில் பார்த்தேன், இல்லை. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "மகேசு, கொள்ளு இன்னும் ஈரமா இருக்குது. இன்னைக்கு வெயிலு நல்லாருக்கும். காயப்போடப் போறன்" என்றார்.

"எங்கயாச்சும் போடுங்க. என்னை வுடுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இது சாதாரண விஷயம். களம் கிடைக்காதவர்கள் ராகியையும் கொள்ளையும் தார் ரோட்டில் கொட்டிக் காயவைப்பார்கள். தார்ச் சூட்டில் சீக்கிரம் காயும். ஆனால் கொள்ளு பொல்லாதது. அதன் மேல் சக்கரம் ஏறினால் பிரேக்காவது, ஒன்றாவது. இதனாலேயே எங்கள் சங்கத்தின் கோரிக்கையில், ரோட்டில் தானியம் கொட்டுகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதையும் நான் சேர்த்திருந்தேன். பெரிய எழுத்தில்.

சேலை கிடைக்காமல் ஒரு சுடிதாரைப் போட்டுக்கொண்டு, இலக்கியாவோடு அந்தப் பச்சைப் பாதை வழியாகவே டவுனுக்குப் போனேன். வெயில் இன்னும் ஏறவில்லை. பாதை பெருக்கி விட்டது போலச் சுத்தமாக இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் என்ஜினியர் இரவல் சைக்கிளோடு நின்றிருந்தார். நல்ல மனிதர். சைக்கிள் ஓட்டி வெகுகாலம் ஆயிற்று என்பது அவர் ஏறிய விதத்திலேயே தெரிந்தது. நான் முன்னால், எனக்குப் பின்னால் அவர், அவருக்குப் பின்னால் இலக்கியா, அப்புறம் கபடி அணிப் பிள்ளைகள், கடைசியில் பால் கேன்களோடு கோவிந்தண்ணன். கம்பங்களுக்கு வெளியே, எங்களுக்குப் பக்கவாட்டில், தனவேல் பைக்கில் பின்னால் உட்கார்ந்து செல்போனில் எங்களைப் படம் பிடித்தபடி வந்தார். ஏதாவது குறை அகப்படும் என்ற நம்பிக்கை அவருக்கு.

நான் முன்னால் பார்க்காமல், அடிக்கடி பின்னால் திரும்பி என்ஜினியருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஊர்வலத்தில் சாமியைத் தூக்கிப் போகிறவளுக்குக் கூட அவ்வளவு கர்வம் இருந்திருக்காது.

ஊர் முனையில் ஒரு புளியமரம் உண்டு. அதை நெருங்கும்போது தூரத்தில் கம்பத்துக்குக் கம்பம் ஒரு துணி கட்டியிருப்பது தெரிந்தது. ஆடு மாடு உள்ளே வராமல் மறைப்புக் கட்டியிருந்தார்கள். உள்ளே பச்சைப் பெயிண்டின் மேல் பழுப்பாக என்னவோ பரப்பியிருந்தது. எனக்கு வந்ததே கோபம்.

"பாத்தீங்களா சார்" என்று பின்னால் திரும்பினேன். "இந்த மாதிரி ஆளுங்களத்தான் நான் சொன்னன். வெக்கம் மானம் இல்லாத ஜென்மங்க. பொதுச்சொத்துன்னா அவங்கப்பன் வூட்டுக் களம்னு நெனப்பு. இவனுங்களயெல்லாம் கேக்கறதுக்கு வூட்டுல ஒரு பொம்பள இல்ல பாருங்க சார். இருந்திருந்தா இப்படிப் பண்ணுவானா?"

என்ஜினியர் மரியாதைக்குத் தலையாட்டினார். நான் திருப்தியோடு முன்னால் திரும்பினேன். கம்பத்தில் கட்டியிருந்த துணி காற்றில் படபடத்தது.

நீலம். வெள்ளைக் கரை.

எனக்குப் புரிந்த அந்த நொடியில் நான் செய்தது ஒன்றுதான். இரண்டு பிரேக்கையும் ஒன்றாக இறுக்கிப் பிடித்தேன். அதற்குள் முன்சக்கரம் கொள்ளின் மேல் இருந்தது. சைக்கிள் ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் போனேன். தாடை தரையில் மோதியது. வாய்க்குள் கொஞ்சம் மண், நிறையக் கொள்ளு. பின்னால் என்ஜினியர் "மேடம்" என்று கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே வந்து என் சைக்கிளின் மேல் ஏறி, கொள்ளில் சறுக்கிக்கொண்டே கம்பங்களை நோக்கிப் போனார். மல்லாந்து கிடந்த அவருடைய கை, ஒரு கம்பத்தின் அடியில் போய் நின்றது.

தனவேலின் பைக் கொஞ்சம் முன்னே போய்ப் புளியமரத்தடியில் நின்றது, அங்கிருந்தும் அவர் செல்போன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு பஸ் வந்தது. எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கிய பஸ், எங்கள் பக்கம் ஓரமாக வந்தது. கம்பத்தின் ஓரம் வரை வந்து, அதற்கு மேல் வராமல் நேராகப் போனது. காற்று எங்கள் மேல் அடித்தது. ஒரு கம்பம் மட்டும் லேசாக உரசப்பட்டு வளைந்து, மறுபடி நிமிர்ந்து நின்றது. என்ஜினியர் தன் கையை மெதுவாக எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

பின்னால் வந்த ஒரு பிள்ளை கூட விழவில்லை. இலக்கியா ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பின்னால் வருகிறவர்களுக்குக் காட்டி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, காலை ஊன்றி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் எல்லாரும் வரிசையாக நின்றிருந்தார்கள். தரையில் கிடந்துகொண்டே அதைப் பார்த்தேன். அவ்வளவு வலியிலும், என் பிள்ளை என்று நினைத்தேன்.

புளியமரத்தடியிலிருந்து என் வீட்டுக்காரர் கையில் கொள்ளைக் கிளறும் வாரியோடு ஓடி வந்தார். "யாரும் நடக்காதீங்க. கால வச்சா மறுபடி வழுக்கும்" என்று கத்திவிட்டு, வாரியால் கொள்ளை ஒதுக்கி வழி பண்ணிக்கொண்டே வந்து, முதலில் என்ஜினியரைத் தூக்கி உட்கார வைத்தார். சட்டையில் ஒட்டியிருந்த கொள்ளைத் தட்டிவிட்டார்.

"இவரு யாரு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று என்ஜினியர் என்னைக் கேட்டார்.

"பாத்த மாதிரி இருக்குங்க சார்" என்றேன்.

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "நாந்தாங்க சார் காயப்போட்டன். எங்க வூட்டுக் கொள்ளுங்க" என்றார். அப்புறம் என்னைக் காட்டி, "இது எங்க வூட்டம்மாங்க" என்றார்.

என்ஜினியர் என்னைப் பார்த்தார். கேட்பதற்கு வீட்டில் ஒரு பொம்பளை இல்லையே என்று நான் சொல்லி இன்னும் வாய் மூடியிருக்கவில்லை.

"ஏங்க, உலகத்துல வேற எடமே கெடைக்கலயா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். (கடிக்கவும் முடியவில்லை. தாடை வீங்க ஆரம்பித்திருந்தது.)

"நீதான மகேசு சொன்ன. லாரி வராது, காரு வராது, வழவழன்னு இருக்கும்னு. நசுங்காம காயுமேன்னு போட்டன். சைக்கிளு போறதுக்கு ஓரமா வழி கூட வுட்டிருக்கன், பாரு."

பார்த்தேன். நிஜமாகவே ஓரத்தில் ஒரு சைக்கிள் தாராளமாகப் போகும் அளவுக்குச் சுத்தமாகப் பெருக்கி வழி விட்டிருந்தார். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓட்டியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. என் பேச்சை இத்தனை நாளும் வரி விடாமல் கேட்ட ஒரே ஆள் அந்த மனிதர்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சேலை எதற்கு என்று கேட்டேன். "பழசுன்னு நெனச்சன்" என்றார். இதற்கான பதிலை நான் இன்றுவரை கொடுத்து முடிக்கவில்லை.

மத்தியானம் கூட்டம். அதற்குள் நாங்கள் விழுந்த துண்டு மட்டும் தனவேலின் செல்போனிலிருந்து வாட்ஸ்அப்பில் டவுன் முழுக்கப் போய்விட்டது. நான் உள்ளே நுழைந்தபோது ஆளாளுக்கு வாயைப் பொத்திக்கொண்டார்கள். என்ஜினியர் முழங்கையில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்து கைக்குட்டையை எடுத்து உதறினார். மேஜை மேல் கொள்ளு சிதறியது.

கோவிந்தண்ணன் எழுந்து, கேன் கட்டிய சைக்கிளுக்குப் பாதை இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும் என்றார். ஒரு பிள்ளை வழியில் இருக்கும் பாலத்துப் பக்கம் விளக்கு கேட்டாள். அப்புறம் நான் பேச வேண்டும். நாள் கணக்கில் தயார் பண்ணிய பேச்சு. வாயைத் திறந்தேன். வீங்கிய உதட்டிலிருந்து காற்றுதான் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மகேஸ்வரிக்குப் பேச வாய் இல்லை.

தனவேல் எழுந்தார். "சார், சங்கத்துத் தலைவி வூட்டுலயே பாதையக் களமாக்கிட்டாங்க. இதுக்கா எங்க கடை வாசல அடைச்சீங்க? கம்பத்தப் பிடுங்கிருங்க சார். பாருங்க, இதான் உங்க பாதை" என்று சொல்லி, செல்போனைப் பெரிய திரையில் இணைத்து ஓடவிட்டார். நான் விழுந்தேன். என்ஜினியர் விழுந்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அத்தோடு நிறுத்திவிட்டார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பம் போச்சு. கம்பம் போனால் சைக்கிள் போச்சு, கபடியும் போச்சு. என் வாயால் கிடைத்தது என் வாயாலேயே போகப்போகிறது. இலக்கியாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அண்ணா, அத நிறுத்தாம ஓடவுடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இலக்கியாதான் எழுந்து நின்றிருந்தாள். "எங்கம்மா வுழுந்தத எல்லாரும் பாத்துட்டீங்க. சார் வுழுந்தப்புறம் என்னா ஆச்சுன்னும் பாருங்க."

தனவேல் யோசித்தார். ஆனாலும் ஓடவிட்டார். திரையில் என்ஜினியர் மல்லாந்து கிடக்கிறார். அவர் கை கம்பத்தடியில். பஸ் வருகிறது. புளியமரத்தடியில் நின்று எதிரிலிருந்து எடுத்த படம் என்பதால், அந்தப் பெரிய டயருக்கும் அவர் விரலுக்கும் நடுவில் இருந்தது அந்த ஆரஞ்சுக் கம்பம் மட்டும்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கம்பம் வளைந்து நிமிர்ந்தது. அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"கம்பம் இல்லன்னா பஸ்ஸு ஒதுங்கறப்ப இந்தப் பச்ச மேலதாங்க சார் ஏறும்" என்றாள் இலக்கியா. "நான் வுழுந்தப்ப கம்பம் இல்ல. நல்லவேளை, பள்ளம் இருந்துச்சு. எங்கம்மா கத்திக் கத்திக் கேட்டது இதுக்குத்தாங்க. கொள்ளு தப்புதாங்க சார். அதுக்கு எங்க வூட்டுல என்னா தண்டன வேணாலும் குடுங்க. கம்பத்த மட்டும் எடுக்காதீங்க."

நாலு வார்த்தைதான். நான் மனு மனுவாக எழுதியதை அந்தப் பிள்ளை நின்ற இடத்தில் சொல்லி முடித்துவிட்டாள். என்ஜினியர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் விரல்களை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "கம்பம் இருக்கட்டும்" என்றார். கடைக்காரர்கள் வண்டி நிறுத்தப் பின்பக்கக் காலி இடத்தைச் சரிசெய்து தருவதாகவும் சொன்னார். தனவேல் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பஸ்ஸ நான் கவனிக்கலம்மா" என்று இலக்கியாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் வியர்வை என்பார். வியர்வை இல்லை. எனக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் அவர் இலக்கியாவிடம், "நாளைக்குக் கபடி இருக்குதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். இருக்கிறது என்றாள்.

தண்டனையும் கிடைத்தது. கொஞ்ச நாளில் புளியமரத்தடியில் ஒரு மஞ்சள் பலகை வந்தது. "பாதையில் தானியம் உலர்த்தாதீர்" என்று எழுதியிருக்கும். பாதை நெடுகத் தேடினாலும் அப்படிப்பட்ட பலகை வேறு கிடையாது. அதை யாருக்காக வைத்தார்கள் என்பது ஊரில் கைப்பிள்ளைக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். என் வீட்டுக்காரர் பொங்கலுக்கு அதைத் துடைத்து மஞ்சள் குங்குமம் வைக்கிறார். வீட்டில் கொள்ளு ரசம் வைத்தால், "பாத்து ஊத்தும்மா, வழுக்கப்போவுது" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருந்ததில்லை. அந்த நீலச் சேலையை நான் இப்போதும் மீட்டிங்குக்குக் கட்டுகிறேன். ஒரு ஓரத்தில் கம்பத்தில் கட்டிய முடிச்சின் சுருக்கம் அப்படியே இருக்கிறது.

இலக்கியா இப்போது கல்லூரியில் படிக்கிறாள், கல்லூரி அணிக்கு ஆடுகிறாள். போன வாரம் அவளோடு ஆடும் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், அந்தப் பாதையிலேயே, சைக்கிளில். காலை நேரம். எதிரே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரிசையாகப் பேசிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார்கள். "எங்க ஊருல இதெல்லாம் கேட்டாலும் குடுக்க மாட்டாங்க. உங்க ஊருல மட்டும் எப்படிடி குடுத்தாங்க?" என்று வீட்டுக்கு வந்ததும் ஒருத்தி கேட்டாள்.

இலக்கியா என் தாடையில் இன்னும் இருக்கும் தழும்பைக் காட்டினாள்.

"எல்லாரும் கேட்டு வாங்குவாங்க. இது எங்கம்மா வுழுந்து வாங்கின ரோடு."